ஹானுஸ் நிறுத்திய இடங்கள்

மார்யூன் வார்டுக்குள் நுழைந்தபோது மூன்றாம் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஹானுஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாதிரியாரு கிடாவைப் பிடிக்க... வந்தாரு. கிடா... பாதிரியாரைப் பிடிச்சிருச்சு."

சோல்ருன் ரத்த அழுத்தப் பட்டையை அவர் கையிலிருந்து கழற்றிக்கொண்டே குலுங்கிச் சிரித்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற டாக்டர் கெல்லுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவரும் சிரித்தார். டென்மார்க்கிலிருந்து மூன்று மாத வேலைக்கு வந்தவர்.

"எங்க பிடிச்சுச்சு?" என்று கேட்டார்.

"பொம்பளைங்க முன்னால... அத எப்படிச் சொல்றது. அன்னிக்கு எங்க வீட்டுல... சூப்பை நின்னுக்கிட்டே... தான் குடிச்சாரு."

மறுபடியும் சிரிப்பு. மார்யூனும் புன்னகைத்தாள். வடக்குத் தீவில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் அவள். இந்தத் தீவின் நகைச்சுவை அவளுக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டும். ஹானுஸின் கதைகள் என்றால் ஃபாரோ தீவுக்கூட்டத்தின் இந்தத் தெற்குத் தீவு முழுக்கப் பிரசித்தம். கதையைவிட அவர் நடுவில் நிறுத்துவதுதான் பிரசித்தம். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தொலைந்த எதையோ தேடுவதுபோல் கூரையைப் பார்ப்பார். கேட்பவர்கள் தாங்க முடியாமல் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் மீதியைச் சொல்வார்.

நேற்று மாலை அவரை ஆட்டுப்பட்டியிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கம்பளி கத்தரிக்கும் நாள். ஆட்டைத் தூக்கும்போது வயிற்றில் இழுத்துக்கொண்டது என்றார். அவரால் படுக்க முடியவில்லை. இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், எழுந்து உட்கார்ந்தார், கட்டில் கம்பியைப் பிடித்தார். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு "நாலு இருக்கும்" என்றார், உதடு வெளுத்துப்போய். தசைப்பிடிப்பாக இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம், ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்று டாக்டர் வலி மாத்திரை எழுதினார்.

இன்று வலி பூஜ்யம் என்று அவரே சொன்னார். விடியும்போது திடீரென்று விட்டுவிட்டதாம்.

"கயிறு அறுந்தாப்புல... போயிருச்சு," என்றார்.

"அப்ப நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்து சோல்ருன் கணினியில் எண்களைப் பதிந்தாள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், நினைவு. ஒவ்வொன்றும் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு புள்ளி. புள்ளிகள் கூடக்கூட அடிக்கடி பார்க்க வேண்டும், ஓர் அளவைத் தாண்டினால் டாக்டரை ஓடிவரச் சொல்ல வேண்டும். ஹானுஸுக்கு வந்தது ஒரே ஒரு புள்ளி, அதுவும் ரத்த அழுத்தம் நூற்றெட்டு என்பதற்காக.

"என் ரத்த அழுத்தமே அவ்வளவுதான்," என்றாள் சோல்ருன். "கிழவன் நம்மள எல்லாம் புதைச்சுட்டுத்தான் போவாரு."

ஹானுஸ் சோல்ருனுக்குத் தாய்வழியில் உறவு. சின்ன வயதில் அவள் அவருடைய படகில் ஏறி விளையாடியவள்.

*

மதியச் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் ஹானுஸின் மனைவி எல்ஸ்பா வந்தாள். பையில் ருபார்ப் தண்டு ஜாமும் வீட்டு ரொட்டியும் இருந்தன.

"எந்திரி மனுசா. சாப்பிடு."

"அப்புறம்."

"நேத்துப் பூரா ஆட்டைத் தூக்கினவனுக்கு இன்னிக்கு ரொட்டியத் தூக்க முடியலையா?"

"இப்படியே... நல்லாருக்கு, கிழவி."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஹானுஸின் பங்காளிகள் கம்பளி மூட்டைகளோடு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் வண்டியை நிறுத்தி, கத்தரிக்கோலை உயர்த்தி ஆட்டினான். எல்ஸ்பா கையசைத்தாள். ஹானுஸ் தலையைத் திருப்பவில்லை. கண்கள் மட்டும் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பின.

தண்ணீர்க் குவளையை மாற்ற வந்த மார்யூன் அதைப் பார்த்தாள்.

நேற்று ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாமல் புரண்ட மனிதர். இன்று காலை அவள் பார்த்தபோது எப்படி மல்லாந்திருந்தாரோ அப்படியே இருந்தார், முழங்கால் லேசாக மடிந்து. போர்வையில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. வலி போனவன் காலை நீட்டுவான், திரும்புவான், சொறிவான்.

குவளையை வைத்துவிட்டு நகரும்போது அவள் இடுப்பு கட்டிலில் இடித்தது. லேசாகத்தான். ஹானுஸின் கண்கள் மூடிக்கொண்டன. தாடை இறுகியது. உடனே திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வடக்குத் தீவுப் பொண்ணு... படகை மோதுற மாதிரி... மோதுது பாரு."

"மன்னிச்சுக்கங்க, ஹானுஸ்."

அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல் கட்டிலைச் சுற்றி வந்தாள். இரண்டாவது முறை வேண்டுமென்றே இடித்தாள்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியது. எல்ஸ்பா ஜாம் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று மார்யூன் நினைத்தாள்.

மார்யூன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி எண்பது. இதயத்துக்காக அவர் ஆண்டுக்கணக்காய் விழுங்கும் மாத்திரை, வீடு பற்றி எரிந்தாலும் நாடியை ஓட விடாது. எண்பது என்ற எண்ணால் எதுவும் தெரியாது. நாடியை எண்ணி முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை. யாராவது தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நர்ஸ்கள் நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்பார்கள்.

"பொண்ணு கைய விட மாட்டேங்குது... எல்ஸ்பா. கவனிச்சுக்க."

"கூட்டிட்டுப் போகட்டும். உன் துணியத் துவைக்கிற வேலை மிச்சம்."

"கொஞ்சம் பேசாம இருங்க, ஹானுஸ்," என்றாள் மார்யூன். அவள் குரல் இருவரையும் நிறுத்தியது. சுவர்க்கடிகார முள் முழுச் சுற்று வரும் வரை யாரும் பேசவில்லை.

மூச்சு இருபத்தெட்டு. வயிறு அசையவேயில்லை. நெஞ்சின் மேல்பகுதி மட்டும் சின்னச் சின்னதாக எழுந்து இறங்கியது, அவசரமாக, சத்தமில்லாமல்.

அவர் காலையில் சொன்ன கதை அப்போதுதான் அவளுக்கு முழுதாய்க் கேட்டது. கதை சொல்பவன் சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்துவான். ஹானுஸ் கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தினார், 'நின்னுக்கிட்டேதான்' என்ற சொல்லை முடிக்கும் முன்பே. காற்று தீர்ந்த இடங்கள் அவை.

போர்வையைக் கால் பக்கம் விலக்கினாள். பாதம் பனிக்கட்டியாய் இருந்தது. முழங்காலைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை பின்னியதுபோல் திட்டுகள். வயிற்றில் கையை வைத்தாள். மரப்பலகை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காத்திருந்தாள். எந்த வயிறும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும், உருளும், கொப்பளிக்கும். இங்கே ஒன்றுமில்லை. அவள் இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். ஆளில்லாத வீட்டுக் கதவில் காதை வைத்தது போலிருந்தது.

"உங்களுக்கு வழக்கமா ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கும்?"

"அது எப்பவும் நூத்தி எழுபது," என்றாள் எல்ஸ்பா. "கிளினிக்ல திட்டிட்டே இருப்பாங்க. ஏன்?"

மார்யூன் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது நூற்றிரண்டு காட்டியது.

"டாக்டரைக் கூப்பிட்டு வரேன்," என்றாள் மார்யூன். கட்டிலில் படாமல் கவனமாகச் சுற்றி வெளியே போனாள்.

*

சோல்ருன் மருந்து அறையில் இருந்தாள்.

"காலையில மூச்சை எண்ணினியா?"

"யாருக்கு?"

"ஹானுஸுக்கு."

"பதினாறு போட்டிருக்கேனே."

"எண்ணினியா?"

"வாய மூடுனாத்தானே எண்ணுறதுக்கு! கதை சொல்லிட்டே இருந்தாரு. இவ்வளவு பேசுற ஆளுக்கு மூச்சுல என்னடி கோளாறு இருக்கப் போகுது?"

"அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினாரு."

"அவரு எப்பவுமே நிறுத்தி நிறுத்தித்தான்..." என்று தொடங்கிய சோல்ருன் முடிக்கவில்லை. கையிலிருந்த மாத்திரைக் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

டாக்டர் கெல் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தார். மார்யூன் நடந்துகொண்டே சொன்னாள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஹானுஸின் வயிற்றை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். ஹானுஸிடமிருந்து வந்த ஒலியைக் கேட்டு எல்ஸ்பா எழுந்து நின்றுவிட்டாள்.

தாழ்வாரத்தில் டாக்டர் சுவரில் சாய்ந்தார்.

"உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு. வலி விட்டது அதனாலதான். விடியும்போது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் சிரிச்சிட்டு நின்னேன்."

"இங்க அறுக்க முடியாதா?"

"மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்ல. தலைநகருக்குத்தான் அனுப்பணும். இப்பவே."

தொலைபேசியில் அறுவை மருத்துவர் எண்களைக் கேட்டார். டாக்டர் எண்களைச் சொல்லிவிட்டு, பலகை போன்ற வயிற்றையும் முழங்கால் திட்டுகளையும் சொன்னார். ஹெலிகாப்டரில் அனுப்புங்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. அறுவை மேசை தயாராக இருக்குமாம்.

சோல்ருன் நரம்பில் ஊசி ஏற்றினாள். இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

"நீ சின்னப் பொண்ணா இருக்கும்போது... என் படகுல ஓட்டை போட்டே," என்றார் ஹானுஸ். "இப்ப... எம்மேல."

அவள் சிரிக்கவில்லை. "பேசாதீங்க மாமா," என்றாள்.

*

ஃபியோர்டு எனும் ஒடுங்கிய கடற்கழிக்கு அப்பால் இருக்கும் மலையின் தலை காணாமல் போயிருந்தது. மார்யூன் அடுத்த முறை ஜன்னலைப் பார்த்தபோது மலையின் இடுப்புவரை இல்லை. ஜூலை மாதத்துக் கடல் மூடுபனி அப்படித்தான், காற்றே இல்லாமல், யாரையும் எழுப்ப விரும்பாததுபோல் வரும். கொஞ்ச நேரத்தில் துறைமுகத்து மீன் கிடங்கின் சிவப்புச் சுவர் மங்கியது. பிறகு கொடிக்கம்பம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஹெலிகாப்டர் வந்தது. எல்லோரும் கேட்டார்கள். சத்தம் மருத்துவமனையின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது விலகி, கடல் பக்கமாகச் சுற்றி, மறுபடி வந்தது. இறங்குதளத்தில் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். விளக்கின் அடியில் நின்றவர்களுக்கே விளக்கு தெரியவில்லை. மூன்றாம் முறை அது வந்தபோது சத்தம் மெலிந்திருந்தது. பிறகு வடக்கே போய்விட்டது.

"எங்க போகுது?" என்று கேட்டாள் எல்ஸ்பா.

டாக்டர் துறைமுகத்துக்குத் தொலைபேசினார். மதியக் கப்பல் புறப்படத் தயாராக இருந்தது. கப்பல் தலைவன் காத்திருப்பதாகச் சொன்னான். தீவில் இன்று இருக்கும் ஒரே டாக்டர் கெல். பிரசவ வலியோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

"நான் போறேன்," என்றாள் மார்யூன்.

டாக்டர் தலையசைத்தார். மருந்துகளையும் ஆக்சிஜன் உருளையையும் அவரே பையில் அடுக்கினார். எதற்குப் பிறகு எதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதையே மறுபடி சொன்னார்.

*

கப்பலில் நோயாளிகளுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஸ்ட்ரெச்சரைத் தரையோடு பூட்டினார்கள். வட்டமான ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கொரு முறை கப்பல் பெருங்குரலில் ஊதியது. கடல் அமைதியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு சின்ன அலைக்கும் ஹானுஸின் முகம் சுருங்கியது.

மார்யூன் எண்ணினாள். மூச்சு முப்பதைத் தாண்டியது. ரத்த அழுத்தம் நூறுக்குக் கீழே போனது. மருந்தைக் கூட்டினாள், இரண்டாவது திரவப் பையை மாட்டினாள். கொஞ்சம் ஏறியது. அவள் தோள்கள் தளர்ந்தன. அடுத்த முறை பார்த்தபோது மறுபடியும் இறங்கியிருந்தது.

எல்ஸ்பா சுவரோரம் உட்கார்ந்து, கொண்டுவந்த பையை மடியில் வைத்திருந்தாள்.

"கம்பளியெல்லாம் இதே கப்பல்லதான் போகுது," என்றாள். "கீழ லாரி நிக்குது, பாத்தேன்."

"விலை..." என்றார் ஹானுஸ். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

பாதி வழி தாண்டியிருக்கும். ஹானுஸின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது. அலைகளுக்கு அவர் முகம் மாறுவது நின்றது. மூச்சின் அவசரம் குறைந்தது. முப்பத்திரண்டு, இருபத்தாறு, பிறகு இருபது. கண்ணிமைகள் பாதி மூடின.

"அடங்கிருச்சு, பாத்தியா," என்றாள் எல்ஸ்பா. "மருந்து வேலை செய்யுது. தூங்குறான்."

மார்யூன் அவர் தோளைத் தட்டினாள். "ஹானுஸ். என்னைப் பாருங்க."

கண் திறந்தது. அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. மூடிக்கொண்டது.

ஓடிக் களைத்தவன் நடக்கத் தொடங்குவதுபோல் மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் நலம். அட்டவணையில் போட்டால் புள்ளிகூடக் குறையும். மார்யூன் முகமூடியை அழுத்திப் பொருத்தி ஆக்சிஜனை முழுதாய்த் திறந்தாள். தலைநகருக்குத் தொலைபேசி செய்து, களைத்துவிட்டார், மூச்சு கொடுக்க ஆள் வேண்டும், கப்பலுக்கே வாருங்கள் என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அறை அவ்வளவு சின்னது.

திரும்பியபோது எல்ஸ்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்திலேருந்து உன் முகத்தத்தான் பாத்துட்டு இருக்கேன், பொண்ணே. அவன் முகத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் புரியாது. முப்பத்தெட்டு வருஷமாப் பாத்து ஏமாந்த முகம் அது."

மார்யூன் முகமூடியின் பட்டையைச் சரிசெய்தாள்.

"நீ கட்டில இடிச்சியே, ரெண்டாவது தடவ. நான் பாக்கலன்னு நெனச்சே. பாத்தேன். அப்பவே உன் முகம் மாறிருச்சு. இப்பவும் மாறியிருக்கு. அவன் நல்லாத் தூங்குறான்னு நான் சொன்னதுக்கு நீ ஆமாங்கல."

"இது தூக்கம் இல்ல, எல்ஸ்பா."

"சொல்லு."

"உடம்பு களைச்சிருச்சு. மூச்சு விட்டு விட்டுக் களைச்சிருச்சு. கரை சேர்றதுக்குள்ள..." மார்யூன் அவள் கண்களைப் பார்த்தாள். "ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லிருங்க. காது கேக்கும்."

எல்ஸ்பா பையைத் தரையில் வைத்தாள். எழுந்து வந்து ஸ்ட்ரெச்சரின் அருகே குனிந்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதா? கருப்புக் கிடாவ விக்கலாமா, வேண்டாமா? நேத்துக் கேட்டேன், பதில் சொல்லாமப் போயிட்டே."

கப்பல் ஊதியது. அது ஓய்ந்த பிறகு ஹானுஸின் உதடு முகமூடிக்குள் அசைந்தது.

"என்ன சொல்றான்?"

"வேண்டாம்னு சொல்றாரு," என்றாள் மார்யூன்.

"சரி, விக்கல. நீ எந்திரிச்சு வந்து அதுக்குப் புல்லு போடு. எனக்கு அதக் கண்டாலே ஆகாது." எல்ஸ்பா அவர் காதோரம் இன்னும் நெருங்கினாள். மீதி அவருக்கு மட்டும் கேட்கும்படி இருந்தது. மார்யூன் மறுபக்கம் நின்று நெஞ்சைப் பார்த்தாள். பதினான்கு. இடையில் ஒரு நீண்ட வெறுமை. அவர் தோளை அழுத்திப் பெயரைச் சொன்னாள். மூச்சு வந்தது. மறுபடி வெறுமை. மறுபடி சொன்னாள். அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த காற்றுப் பந்தை எடுத்து அவர் வாயில் பொருத்தி அழுத்தத் தொடங்கினாள். ஓர் அழுத்து, ஒரு மூச்சு. இனி எண்ணிக்கை அவள் கையில்தான் இருந்தது.

எஞ்சின் சத்தம் மாறி, கப்பல் கரையை அணைந்தபோது அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கதவு திறந்தது. பச்சை உடை அணிந்த நால்வர் குளிர்ந்த பனியோடு உள்ளே வந்தார்கள். ஒருவர் பந்தை அவள் கையிலிருந்து வாங்கினார். முன்னால் வந்த பெண், அறுவை மருத்துவர், ஹானுஸின் வயிற்றில் கையை வைத்தார். உடனே எடுத்தார். கதவைக் காட்டினார். ஸ்ட்ரெச்சரை அவிழ்த்து ஓடினார்கள்.

வண்டிகள் நிற்கும் தளம் வரை மார்யூனும் எல்ஸ்பாவும் பின்னால் ஓடினார்கள். கம்பளி ஏற்றிய லாரிகூட ஒதுங்கி வழிவிட்டிருந்தது. ஆம்புலன்ஸின் கதவு சாத்தப்பட்டது. நீல விளக்கு சுழல வண்டி கரையில் இறங்கியது. கொஞ்ச தூரத்திலேயே பனி அதை மூடிவிட்டது. சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டது.

எல்ஸ்பா அந்தத் திசையைப் பார்க்கவில்லை. மார்யூனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்யூன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.